ஆற்றோடு போகாத எலும்புகள்

ஒரு பெண் தன் கணவனின் எலும்புகளை மூன்று பின்னேரங்கள் சேற்றுக்குள் கைவிட்டுத் தேடினார். அவை என் குசினிக்குப் பின்னால், ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில், சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அப்போதும் இல்லையென்றேன். வாத்தியாரைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

செய்தது இதுதான். இதைக் கொஞ்சம் சிறிதாக்கிச் சொல்ல வழியுண்டா என்று எத்தனையோ வருடங்கள் யோசித்திருக்கிறேன். இல்லை.

நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது பத்து வருடங்கள் ஆகியிருக்கும். எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் படித்து, ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடப் பயிற்சியும் முடித்து, பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கமாக ஏறும் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம் என்றால் ஒரே மண்டபம். அரைச்சுவர், தகரக் கூரை, ஐந்து வகுப்பு, அறுபதுக்கு மேல் பிள்ளைகள், நான் ஒருவன். எனக்கு முன்னிருந்தவர் போன பிறகு ஒன்றரை வருடம் அது பூட்டிக் கிடந்ததாம். அந்த ஒன்றரை வருடத்தில் பெரிய பிள்ளைகள் பலர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போய்விட்டார்கள். பதிந்த பிள்ளை திரும்பி வந்ததாகக் கதையே இல்லை.

சுகாதாரப் பாடத்தில் மனித எலும்புக்கூடு வந்தது. பூச்சி அரித்த படம் ஒன்று அலுமாரியில் கிடந்தது. அதை மாட்டினேன். முதல் வரிசையிலிருந்த ஒரு பையன் சொன்னான்: "பேய் சார்."

"பேயில்லை. இது மனிசன். உனக்குள்ளையும் இது இருக்கு."

வகுப்பே சிரித்தது. அவன் விடவில்லை. "இல்லைங்க சார். செத்த பொறகுதான் ஆளுங்க எலும்பாவாங்க. உசுரோட இருக்கையில வெறும் கறிதான்."

"உன்ரை முழங்கையைத் தட்டிப் பார். என்ன சத்தம்?"

தட்டிப் பார்த்தான். பக்கத்திலிருந்தவனின் தலையையும் சேர்த்துத் தட்டிப் பார்த்தான். "இவனுக்கு உள்ள ஒண்ணும் இல்ல சார்" என்றான். அதற்குப் பிறகு பாடம் எங்கே நடந்தது?

எங்கள் கலாசாலையில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் உண்மையான எலும்புக்கூடு தொங்கியது. அதை முதல்முறை பார்த்த அன்று என் கைவிரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே விடுதிக்கு நடந்தேன். இந்தப் பிள்ளைகளும் அப்படி ஒருநாள் வீட்டுக்கு நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்னோர் ஆசையும் இருந்தது. மாசி மாதம் வித்தியாதரிசி பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருவார். அவர் நல்லதாக நாலு வரி எழுதினால் பதுளைப் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடம் கிடைக்கும். இரண்டில் எது பெரிய ஆசை என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த மார்கழி மழை நாலு நாள் விடவில்லை. மலையில் வேலையை நிறுத்தியிருந்தார்கள். யாரும் வெளியே தலைகாட்டவில்லை. என் குவாட்டர்ஸிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குப் பாதை ஓர் ஓடையைத் தாண்டிப் போகும். ஓடைக்கு மேலே தோட்டத்து இடுகாடு. மூன்றாம் நாள் காலையில் கூரை ஒழுக்கைப் பார்க்கப் போனபோது, இடுகாட்டின் கீழ்க்கரை பாண் ரொட்டியை வெட்டினாற்போல் வெட்டுண்டு சரிந்து கிடந்தது. சேற்றுக்குள்ளிருந்து ஒரு தொடை எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. நான் மழைக்கோட்டைக் கழற்றி விரித்தேன்.

எங்கள் ஊரில் இறந்தவரை எரிப்போம். காடாத்தி, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தால் அவ்வளவுதான். இறந்தவர் ஓரிடத்தில் இருக்கிறார், அந்த இடத்துக்குப் போய் வரலாம் என்ற எண்ணமே எங்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே எனக்கு எலும்பு என்றால் கண்ணாடி அலுமாரிக்குள் தொங்குவது. அதற்கு வீடோ வாசலோ பெண்சாதியோ இருக்குமென்று தோன்றவில்லை. தோட்டத்தில் புதைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் தோன்றவில்லை. இரண்டு நாள் காலையில் போய்ப் பொறுக்கினேன். சரிந்திருந்தது ஒரே ஒரு குழி. மண்டையோடு, தாடை, முள்ளந்தண்டு, விலா எலும்புகள் எல்லாம் ஓராளுடையவை. கை கால்களின் சிறிய எலும்புகள் சில மட்டும் அகப்படவில்லை.

மழை விட்டது. அன்று பின்னேரம் அரைச்சுவருக்கு மேலால் பார்த்தேன். ஓடைக்குள் ஒரு பெண் குனிந்து நின்று இரண்டு கைகளாலும் சேற்றை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரது?" என்று கேட்டேன்.

தலையைத் தட்டிப் பார்த்த அந்தப் பையன்தான் சொன்னான்: "இவ அம்மா சார். இவ அப்பாவோட குழி சரிஞ்சுபோச்சு."

அவன் காட்டியது ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரு பெண்பிள்ளையை. பதினொரு வயதிருக்கும். வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. எழுந்து நின்று சொன்னாள்: "கெடச்சா மேல மறுபடி வைக்கலாம்னு அம்மா தேடுறாங்க சார். குழிமேல நட்டிருந்த செவப்புக் குரோட்டன் செடி மட்டுந்தான் கெடச்சிச்சு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தகரத்தில் ஊறப்போட்டு ஒருநாள்கூட ஆகவில்லை. 'இரு பிள்ளை, அம்மாவைக் கூப்பிடு' என்றால் முடிந்தது. மாசி வரைக்கும் பொறுத்திருந்து, வித்தியாதரிசி வந்துபோன பிறகு ஒருவருக்கும் தெரியாமல் புதைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாய் அடுத்த நாளும் தேடினார், அதற்கடுத்த நாளும் தேடினார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஓடைக்குள் இறங்குவார். நான் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொப்பி திருத்தினேன்.

தை மாதம் எலும்புகளைத் தேயிலைப் பெட்டியொன்றில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். கொழும்பில் டொக்டர்மார் படிக்கும் இடத்திலிருந்து தருவித்தேன் என்று சொன்னேன். பிள்ளைகள் பின் சுவர்வரை ஓடிப் போனார்கள். முதலில் வந்து தொட்டவள் அந்தப் பிள்ளைதான். மண்டையோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமே இல்ல சார்" என்றாள். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

வெட்கமின்றிச் சொல்கிறேன், நான் படிப்பித்த பாடங்களில் அதைப்போல் இன்னொன்று அமையவில்லை. ஒவ்வோர் எலும்பையும் எடுத்து, தங்கள் உடம்பில் அது எங்கே என்று தடவிக் கண்டுபிடித்தார்கள். விலா எலும்பை எண்ணும்போது கூச்சத்தில் நெளிந்தார்கள். காறை எலும்பைத் தொட்டுவிட்டு, "இதிலதான் சார் அம்மா கூடைக் கயிறு அழுத்துமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லடி, கயிறு தலையில மாட்டுறது. அது மண்டையில அழுத்தும்" என்று மற்றவள் திருத்தினாள்.

மூன்று கிழமைக்குள் பெயர்களெல்லாம் பாடம்.

ஆரை எலும்பு என்று ஒன்று இருக்கிறது. முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஓடுவது. இடது கை ஆரையில் நடுப்பகுதியில் ஒரு முண்டு. அதற்கப்பால் எலும்பு கொஞ்சம் கோணி வளைந்திருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதைக் காட்டத்தான் எனக்கு அதிக ஆசை. "பாருங்கோ, இது உடைஞ்சு திரும்பப் பொருந்தினது. செத்த எலும்பு பொருந்தாது. எலும்புக்கு உயிர் இருந்தபடியால்தான் பொருந்தினது. செத்த பிறகுதான் எலும்பாகிறது எண்டு சொன்னவன் எங்கை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பிள்ளை முண்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்: "ஒடஞ்ச பொறகு எத்தன நாளு இருந்திருப்பாங்க சார்?"

"கன வருசம்."

"எங்கப்பா கையும் கோணலாம் சார். சவுக்கு மரத்துல கொப்பு வெட்டையில விழுந்துட்டாங்களாம். கீழ கிராமத்துல சிங்கள வைத்தியருதான் மூங்கிப் பத்த வச்சுக் கட்டுனாராம். அந்தக் கையிலதான் என்னத் தூக்கிக்கிட்டுத் திரிவாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. எனக்கு ஞாபகம் இல்ல."

"அப்பிடிக் கனபேருக்கு உடையும்" என்று சொல்லி எலும்பை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் தாய் வந்தார். முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு. உள்ளே வரவில்லை. அரைச்சுவருக்கு வெளியே நின்றார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும்.

"வாத்தியாரய்யா, ஒரு வார்த்த கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன? கெதியாச் சொல்லு." அப்போது தோட்டத்து ஆட்களை நாங்கள் 'நீ' என்றுதான் அழைப்போம். என்னைவிட அவர் ஐந்தாறு வயது மூத்தவர்.

"புள்ள ஒரு எலும்பப் பத்திச் சொல்லுச்சுங்க. கை கோணலா இருக்காம். எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தாங்க. சரிஞ்ச எடத்துல எனக்கு ஒண்ணுமே கெடைக்கலைங்க. அதான்..."

"அது கொழும்பிலை இருந்து வந்தது. டொக்டர்மார் படிக்கிற இடத்திலை இருந்து. கடதாசிகூட இருக்கு."

எந்தக் கடதாசியும் இல்லை. கேட்காமலேயே பொய்க்கு ஒரு பொய்யைத் துணையாக வைத்தேன்.

"கொழும்புங்களா?" அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. "அப்ப அது வேற ஆளுங்க. மன்னிச்சுக்கங்க சாமி. படிச்சவங்களப் போயி இப்படிக் கேட்டுட்டேன்." கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மகளை வெளியே கூப்பிட்டார். அவள் போனாள். எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கக் கன்னத்தில் ஓர் அறை. "வாத்தியாரையே கள்ளனாக்கப் பாத்தியேடி!"

அவள் அழவில்லை. சுவருக்கு மேலால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தாலாவது எனக்குச் சுகமாயிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் அந்த ஒரு எலும்பை மட்டும் தொடவில்லை. மற்றவற்றுக்கெல்லாம் பெயர் சொன்னாள். வேலை சொன்னால் செய்தாள். தானாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மாசியில் வித்தியாதரிசி வந்தார். நான் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். கலாசாலையில் பயிற்சி முடிந்தபோது தைத்தது. விசேஷ நாட்களுக்கு மட்டும். எலும்புகளை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாய்க் கேட்கக் கேட்க, பிள்ளைகள் சொல்லச் சொல்ல, மனிதர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில், நான் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்த ஆரை எலும்பைத் தானே எடுத்து, நேரே அந்தப் பிள்ளையிடம் நீட்டினார்.

"இது என்ன பிள்ளை?"

"ஆரை எலும்புங்க. எடது கை."

"ஏன் இப்பிடி வளைஞ்சிருக்கு?"

"ஒடஞ்சு பொருந்துனதுங்க."

"கெட்டிக்காரி. எப்பிடி உடைஞ்சிருக்கும்?"

மண்டபத்தில் அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். என் வேலை, பதுளைப் பட்டணம், கோட்டு எல்லாம் அந்தப் பிள்ளையின் வாயில் இருந்தன.

"தெரியலைங்க சார்" என்றாள். "அது கொழும்பு ஆளு. நமக்கு என்னங்க தெரியும்?"

வித்தியாதரிசி சிரித்துவிட்டார். லொக் புத்தகம் என்று நாங்கள் சொல்லும் பதிவேட்டை எடுத்து, உண்மையான எலும்புகளைக் கொண்டு உடலமைப்புப் போதிக்கப்படுவது மெச்சத்தக்கது என்று எழுதிக் கையொப்பமிட்டார். கார் இறங்கிப் போனது. பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். மை காயாத அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் சொன்ன பொய்யைப் பதினொரு வயதுப் பிள்ளை, தன் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தாயிடம் பொய் சொல்ல எனக்கு முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

கொழுந்து நிறுக்கும் சங்கு ஊதி, ஆட்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும் நேரத்தில் போனேன். கோட்டைக் கழற்றவும் மறந்திருந்தேன். தாய் தண்ணீர் விழும் பீலியில் கால் கழுவிக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களோடை ஒரு கதை இருக்கு" என்றேன்.

'உங்களோடை' என்றதும் பயந்து நிமிர்ந்தார். "புள்ள ஏதாச்சும் பண்ணிருச்சுங்களா?"

"பிள்ளை ஒண்டும் செய்யேல்லை. நான்தான். அந்த எலும்பு கொழும்பிலையிருந்து வரேல்லை. மழைக்குள்ளை நான்தான் பொறுக்கினனான். உங்கடை வீட்டுக்காரருடையது. நீங்கள் தேடினதைப் பார்த்துக்கொண்டிருந்தும் சொல்லேல்லை. கேட்டபோதும் பொய் சொன்னனான்."

வாளி நிறைந்து வழிந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

"எல்லாம் இருக்குங்களா?" என்றார்.

"கொஞ்சச் சின்ன எலும்பு இல்லை. மற்றதெல்லாம் இருக்கு."

"தல?"

"இருக்கு."

அவர் கழுவுகிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஆத்தோட போகல" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, "ஆத்தோட போகலையா?" பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகைக்குள் சிரிப்பும் வந்தது. "நாயி இழுத்துச்சோ, நரி இழுத்துச்சோன்னு எத்தன நாளு சோறு எறங்கல. இங்கனதான் இருந்திருக்காரு. பள்ளிக்கொடத்துல! படிக்கிற காலத்துல அந்தப் பக்கமே எட்டிப் பாக்காத மனுசன்."

ஆட்கள் கூடிவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா அறைக் கிழவர், பல்லில்லாத வாயால் எல்லோரையும் வம்புக்கிழுக்கும் ஆள், கைத்தடியைத் தரையில் குத்தினார். "இத இப்படியே விடக்கூடாது. தொரைகிட்டச் சொல்லணும்."

"தொரைக்கு எதுக்கு மாமா? தொரை வீட்டு எலும்பா?" என்றார் பிள்ளையின் தாய். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இப்போது கோபம் வந்திருந்தது. "வாத்தியாரய்யா, எடுத்தத நான் மன்னிச்சுருவேன். ஒங்களுக்குத் தெரியல, எடுத்துட்டீங்க. மழையில கெடந்தத நனையாம வச்சிருந்தீங்க. ஆனா ஒங்க பேச்ச நம்பி எம்புள்ளைய அறஞ்சேன். உண்மையச் சொன்ன புள்ளைய. அந்த அறைய எப்படித் திருப்பி எடுக்குறது? சொல்லுங்க."

பிள்ளை காம்பரா வாசலில் நின்றாள். அவளிடம் போனேன்.

"பிள்ளை, நீ சொன்னது உண்மை. நான் சொன்னது பொய். அந்த அடி எனக்கு விழுந்திருக்க வேணும். என்னை மன்னிச்சுக்கொள்."

"தெரியும் சார்" என்றாள்.

"எப்பவிருந்து தெரியும்?"

"கடதாசி இருக்குன்னு சொன்னீங்கள்ல, அப்பவே. பழைய பேப்பர் ஒண்ணு வந்தாக்கூட எங்களுக்குக் காட்டுவீங்க. கொழும்புக் கடதாசிய மட்டும் காட்டாம வச்சிருப்பீங்களா?"

"பின்னை ஏன் இண்டைக்கு அவருக்கு அப்பிடிச் சொன்னனி?"

"நீங்க போயிட்டா பள்ளிக்கொடத்தப் பூட்டிருவாங்கல்ல சார்?" கேட்பதே வீண் என்பதுபோல் சொன்னாள். "பூட்டுனா எம்பேரப் பதிஞ்சிருவாங்க."

தாய் அவளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். எந்தக் கன்னத்தில் அடித்தாரோ அதைத் தடவினார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வைப்போம். நீங்க எடுத்துட்டுப் போனீங்க. நீங்களே கொண்டாங்க. பெட்டியில வேணாம். கையில."

ஞாயிறு காலை, தீபாவளிக்கு எடுத்து உடுக்காமல் வைத்திருந்த வேட்டியை விரித்து, எலும்புகளை அதில் வைத்து, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தேன். லயத்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். கிழவர் மட்டும் கூடவே நடந்தார்.

"வாத்தியாரே, ஒரு எலும்பு கொறஞ்சாலும் ஒங்களுதக் கழட்டிக் குடுக்கணும். பாத்துக்கங்க."

இடுகாட்டின் மேல்வரிசையில், சரியாத இடத்தில், குழி வெட்டியிருந்தார்கள். கோயில் பண்டாரம் சூடம் கொளுத்தினார். குழிக்குள் இறங்கி எலும்புகளை வாங்க ஆள் தயாராய் இருந்தது. தாய் தடுத்தார்.

"சும்மா கொட்டிப் பொதைக்கவா? எது எங்கன இருக்கணும்னு புள்ளைக்குத் தெரியும்."

பண்டாரம் யோசித்தார். பெண்பிள்ளை குழியில் இறங்குவதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். "பொம்பளப் புள்ள கொழுந்து பறிக்கலாம், இதுக்கு மட்டும் ஆகாதா?" என்று கிழவர்தான் அதட்டினார். அவள் இறங்கினாள். நான் கரையில் முழங்காலிட்டு ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தேன். தெற்கே மண்டையோடு. தாடையைப் பொருத்தினாள். முள்ளந்தண்டை மேலிருந்து கீழே வரிசை பிசகாமல் அடுக்கினாள். விலா எலும்புகளை நீளம் பார்த்து இரண்டு பக்கமும் வைத்தாள். வாய்க்குள் பெயர்களைச் சொல்லிக்கொண்டாள். இடுகாட்டுச் சுவருக்கப்பால் நின்று கேட்ட சில சின்னப் பிள்ளைகளும் கூடவே சொல்லத் தொடங்கினார்கள். ஒருவரும் அவர்களை அதட்டவில்லை. ஆரை எலும்பை நான் நீட்டியபோது, கொஞ்சநேரம் வாங்காமல் பார்த்தாள். பிறகு வாங்கி, மடியில் வைத்து முண்டைத் தடவிவிட்டு, இடது பக்கத்தில் வைத்தாள். இருபது நிமிடத்தில் அந்தக் குழிக்குள் ஒரு மனிதர் படுத்திருந்தார்.

அவள் நிமிர்ந்தாள். "அம்மா, எடது கையில வெரல் எலும்பு நாலு இல்ல. வலது காலுலயும் கொஞ்சம் இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிழவர் தொண்டையைக் கனைத்தார்.

"கெடக்கட்டும்" என்றார் அவள் தாய். "லீவு நாளுல ஓடையில மீன் பிடிக்கிறதுதான அவருக்கு வேல. ரெண்டு வெரலு அங்கனயே கெடக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். அதன்பின் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மண் தள்ளினோம். சிவப்புக் குரோட்டனைத் தலைமாட்டில் திரும்ப நட்டார்கள்.

திங்கட்கிழமை லொக் புத்தகத்தில், வித்தியாதரிசியின் வரிகளுக்குக் கீழே, அந்த எலும்புகள் யாருடைய அனுமதியுமின்றி என்னால் எடுக்கப்பட்டவை, உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன என்று எழுதினேன். அதையே கடிதமாக அவருக்கும் அனுப்பினேன். ஒரு மாதம் பதிலில்லை. பிறகு அவரே வந்தார். பதிவேட்டை வாசித்தார். "இடம் எது?" என்று கேட்டார். கூட்டிப்போனேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குரோட்டன் செடிக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார். திரும்பும்போது, "பட்டணத்தை இப்போதைக்கு மறந்துவிடும். இங்கையே இரும்" என்றார். "எலும்பைப் படம் கீறிப் படிப்பியும், அது போதும்."

தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அது வரம். அறுபதுகளின் தொடக்கம்வரை அங்கேயே இருந்தேன். அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகும் இரண்டு வருடம் பின்வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்து என்னிடம் படித்தாள். அதற்குமேல் படிக்கப் பட்டணத்துக்குத்தான் போகவேண்டும். தோட்டத்து ஆட்கள் பலரைப்போல் பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட பிள்ளைக்கு அரசாங்கத்துத் தாதிப் பயிற்சியெல்லாம் எட்டாது; அதற்காக நான் எழுதிய கடிதங்கள் வீணாயின. கடைசியில் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், வேலைக்குச் சேர்ந்தாள். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது, ஒரு குழந்தையின் காலை நீவி நீட்டிக்கொண்டே, "இது தொட எலும்பு, இது கணுக்காலு" என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் நான் முடிக்க விரும்புவது வித்தியாதரிசி இரண்டாம் முறை வந்துபோன அந்தக் கிழமையில்.

படம் கீறச் சொன்னாரே, எதில் கீறுவது? கரும்பலகை பாதி வெடித்திருந்தது. வெள்ளிக்கிழமை அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், வகுப்புக்கு நடுவில் ஒரு வாங்கில் ஏறி நின்றேன். சோக்குக் கட்டிகளைப் பங்கிட்டுக் கொடுத்தேன்.

"எலும்புக்கூடு நான்தான். கீறுங்கோ."

ஒருவருக்கும் கை எழவில்லை. தலையைத் தட்டிய பையன்தான் முதலில் வந்து, முதுகில் ஒரு விலா எலும்பைக் கீறிவிட்டு ஓடினான். பிறகு அறுபது பேரும் மேலே விழுந்தார்கள். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. "ஆடாதீங்க சார், எலும்பு ஆடாது" என்று ஒருத்தி கண்டித்தாள். விலா எலும்பு பதினாலு சோடி வந்துவிட்டது, இரண்டைத் துடைத்தார்கள். அந்தப் பிள்ளை கடைசியாக வந்து என் இடது கையைப் பிடித்தாள். கோட்டுக் கையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஆரை எலும்பை நேராக இழுத்தாள்.

"முண்டு போடலையாடி?" என்று பின்னாலிருந்து கேட்டான் அந்தப் பையன்.

"போடா. அது எங்கப்பாவுக்கு. சாருக்குக் கை எங்க ஒடஞ்சிச்சு?"

அன்று பின்னேரம் கோட்டைத் தட்டாமலே லயத்து வழியாக நடந்தேன். வேலை முடிந்து வந்த பெண்கள் கூடைகளோடு நின்று சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் தாயும் அவர்களுக்குள் இருந்தார். கிழவர் வாசலில் இருந்து சத்தம் போட்டார்: "வாத்தியாரே, எலும்பெல்லாம் வெளிய தெரியுது!"

"எண்ணிப் பாருங்கோ ஐயா" என்றேன். "எல்லாம் என்ரைதான்."